சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

மணிமேகலைக் காப்பியத்தின் 19-ஆம் காதைக்குச் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்பது பெயர். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறையிற் பசித்துக் கிடந்தோர்க்கு அமுதசுரபி கொண்டு உணவளித்த மணிமேகலை, தன்னை அழைப்பித்த சோழன் மாவண்கிள்ளியிடம் பொன்னும் பொருளும் வேண்டாது, அச்சிறையை அறச்சாலையாக்கித் தருமாறு வேண்டினாள். வேந்தனும் அவ்வாறே செய்தான். இது தமிழ் கற்றார் யாவரும் அறிந்தது. ஆயின் அடுத்துவரும் காதைகளில் நிகழ்வதனை நம்மிற் பலர் நினைவிற் கொள்வதில்லை. அரசிளங்குமரன் உதயகுமரன் வெட்டுண்டிறந்த பின்னர், குற்றமற்ற இளம்பெண்ணாகிய மணிமேகலை தானே காவலில் வைக்கப்பட்டாள். மகனை இழந்த இராசமாதேவி அவளைச் சிறையினின்று விடுவித்துத் தன் பொறுப்பிற் கொண்டாள். புறத்தே நின்று நோக்குவார்க்கு அது விடுதலை. உள்ளே நிகழ்ந்தனவோ மயக்க மருந்தூட்டலும், பழி விளைக்கும் சூழ்ச்சியும், புழுக்கறையில் அடைத்தலும். சிறை என்னும் பெயர் நீங்கி அரண்மனை என்னும் பெயர் வந்தவிடத்தும் துன்பம் நீங்கிற்றில்லை, பின்னும் மிகுந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். ஒரு கோட்டத்தின் வாயிலில் எழுதப்படும் பெயர் அக்கோட்டத்தின் இயல்பைக் காட்டுவதில்லை. அடைபட்டோரைத் தம்மவர் என்று கருதிப் புறத்தே நிற்பார் ஒருவர் உளராயின் சிறையும் அறச்சாலையாகும். அத்தகையார் இலராயின் மாளிகையும் சிறையேயாகும். குற்றஞ் சாட்டப்பட்ட சிறுவரையும் இளைஞரையும் அரசினர் காவலில் வைத்து வந்த வரலாற்றை இவ்வுண்மை கொண்டு ஆராய்வதே ஈண்டு நம் கருத்து. இது நம் குலத்தார்க்கு என்ன தொடர்புடைத்து என வினவுவாரும் உளர். அவர்க்கு விடை இக்கட்டுரையின் போக்கில் தானே வெளிப்படும்.

மேனாட்டில் எழுந்த எண்ணம்

சிறுவர்க்கெனத் தனிக் காவலிடம் வேண்டும் என்னும் எண்ணம் மிகப் பழையதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், அப்பமோ கைக்குட்டையோ திருடிய சிறுவனும் முதிர்ந்த கள்வரோடு ஒரே சிறையில் அடைக்கப்பட்டான். கடல் கடந்தும் அனுப்பப்பட்டான். 1838-ஆம் ஆண்டில் ஒயிட்டுத் தீவிலுள்ள பார்க்கர்ஸ்ட்டு என்னுமிடத்தில் சிறுவர்க்கெனத் தனிச்சிறை ஒன்று திறக்கப்பட்டது. அங்குப் படிப்பும் தொழிலும் கற்பிக்கப்பட்டன; எனினும் தொடக்கத்திற் சிறுவர் கால்களில் விலங்கும் பூட்டப்பட்டது. பயிற்சி பெற்றோருட் பலர் ஆஸ்திரேலியாவிற்கும் நியூசிலாந்திற்கும் கப்பலேற்றப்பட்டனர். 

பார்க்கர்ஸ்ட்டின் முறையைக் கண்டித்து எழுந்தவருள் தலைசிறந்தவர் பிரிஸ்டல் நகரத்து மேரி கார்ப்பெண்டர் அம்மையார். அவர் 1851-ஆம் ஆண்டில் சீர்திருத்தப் பள்ளிகளைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். 1852-ஆம் ஆண்டில் கிங்ஸ்வுட் என்னுமிடத்தில் தாமே ஒரு பள்ளி நிறுவினார். 1854-ஆம் ஆண்டில் சிறுமியர்க்கெனத் தனிப்பள்ளியும் அமைத்தார். சிறுவனுக்கு வேண்டுவது அச்சமன்று, அன்புடையார் ஒருவரது மேற்பார்வையே என்பது அவர் கொள்கை. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் இளங்குற்றவாளிகள் சட்டம் நிறைவேறிச் சீர்திருத்தப் பள்ளிகளுக்கு இடந்தந்தது. ஆயினும் பள்ளிக்குச் செல்லுமுன் சிறுவன் 14 நாளேனும் சிறையிற் கிடந்து வரல் வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. பள்ளி என்னும் சொல்லைச் சட்டம் ஏற்றது. சிறை என்னும் பொருளை விட மனம் வந்திலது.

இந்நாட்டிற் சட்டங்கள் வந்த வரலாறு

இந்தியாவிற் சிறுவர் பொருட்டு எழுந்த முதற் சட்டம் 1850-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சியாளர் சட்டமாகும். 10 வயது முதல் 18 வயது வரையிலுள்ள ஏழைச் சிறாரையும் தாய்தந்தையற்ற சிறாரையும், சிறு குற்றஞ் செய்து நடுவர் முன் வந்தோரையும், ஒரு தொழிலாசானிடம் ஒப்பந்தத்தின் பேரில் ஒப்புவிக்க அச்சட்டம் வழிவகுத்தது. தச்சனோ, கருமானோ, நெய்வோனோ முன்வந்து ‘இப்பிள்ளையை யான் ஏற்றேன்’ எனின் சிறுவன் சிறை புகவேண்டுவதில்லை. ஆகவே இந்நாட்டின் முதற் சிறுவர் சட்டம் மதிற்சுவரை நம்பி எழுந்ததன்று. புறத்தேயுள்ள ஒரு மனிதனை நம்பியே எழுந்தது.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 7 வயதிற்குட்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது என்றும், 7 முதல் 12 வயது வரை அறிவு முதிர்ச்சி நோக்கியே முடிவு செய்தல் வேண்டும் என்றும் கூறிற்று. 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அதன் இடத்தைப் பெற்ற புதிய சட்டமும் இவ்வரம்புகளை மாற்றாது வைத்துள்ளது. ஆனால் 1864-ஆம் ஆண்டின் கசையடிச் சட்டம், சிறுவனைச் சிறைக்கு அனுப்புவதற்கு மாறாக அவன் முதுகிற் பிரம்படி கொடுத்து அனுப்பவும் இடந்தந்தது.

இந்நிலையில் 1866-ஆம் ஆண்டில் மேரி கார்ப்பெண்டர் அம்மையார் இந்தியாவிற்கு வந்தார். பிரிஸ்டலில் உயிர்நீத்த இராசாராம் மோகன்ராய் அவர்களின் நினைவே அவரை இந்நாட்டின்பால் ஈர்த்தது என்ப. பம்பாய், சென்னை, கல்கத்தா முதலிய இடங்களுக்குச் சென்று பள்ளிகளையும் சிறைகளையும் பார்வையிட்டார். சிறுவர்க்குச் சீர்திருத்தப் பள்ளிகள் வேண்டும் என அரசினரிடம் வற்புறுத்தினார். பத்தாண்டு கழித்து, 1876-ஆம் ஆண்டில், இந்தியச் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் பிறந்தது. 1897-ஆம் ஆண்டில் அது திருத்தி அமைக்கப்பட்டது.

1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 15 வயதிற்குட்பட்ட ஆண்பிள்ளைகளை மூன்றாண்டிற்குக் குறையாமலும் ஏழாண்டிற்கு மேற்படாமலும் அப்பள்ளிகளில் வைக்கலாம். 18 வயது நிரம்பின் வெளிவிடல் வேண்டும். இரவிற் சிறுவரைத் தனித்தனியே வைத்தற்கு இடமும், நல்ல நீரும், உணவும், உடையும், படுக்கையும், தொழிற்பயிற்சியும், நோயாளர்க்கு அறையும் இருத்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இவற்றினும் சிறந்த பகுதிகள் இரண்டு அச்சட்டத்தில் உள. சிறுவனைப் பள்ளிக்கு அனுப்பாது கண்டித்துப் பெற்றோரிடமோ காப்பாளரிடமோ பிணைமுறி பெற்று ஒப்புவிக்கலாம் என்பது ஒன்று. உள்ளே சென்றவனும் 14 வயது நிரம்பியபின், நம்பத்தக்க பெரியார் ஒருவர் ஏற்க முன்வரின், அவரிடம் உரிமச்சீட்டின் பேரில் வாழலாம் என்பது மற்றொன்று. உட்செல்லும் வாயிலை அமைத்த சட்டம் வெளிவரும் வாயிலையும் உடன் அமைத்தது. ஆனால் அவ்வாயிலைத் திறக்கும் திறவுகோல் அரசினர் கையில் இல்லை. ஊரார் கையில் இருந்தது.

சென்னை மாகாணத்திற்குரிய சீர்திருத்தப் பள்ளி செங்கற்பட்டுக் கோட்டையினுள் அமைந்தது. விசயநகர வேந்தர் காலத்துக் கோட்டை பிள்ளைகளைத் திருத்தும் பள்ளியாயிற்று. இவ்வூர்ப் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வாராக. மீண்டும் இதனிடம் வருவோம்.

ஓராண்டில் இரு நிகழ்ச்சிகள்

இதுவரை கூறியன செயல் பற்றிய காவல். பிறப்புப் பற்றிய காவல் ஒன்றும் இந்நாட்டில் இருந்தது. 1871-ஆம் ஆண்டில் வடநாட்டில் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ஆம் ஆண்டின் புதுச் சட்டத்தால் சென்னை மாகாணத்திற்கும் பரவிற்று. ஒரு குலத்தில் ஒருவன் திருடின் அக்குலம் முழுவதும் திருடுங் குலம் என்று எழுதிவைக்க அச்சட்டம் இடந்தந்தது. அதன் ஒரு பிரிவு, 6 வயதிற்கு மேற்பட்டு 18 வயதிற்குட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியிலோ, உழவுப்பள்ளியிலோ, சீர்திருத்தப் பள்ளியிலோ வைக்க அரசினர்க்கு அதிகாரம் அளித்தது. அப்பிள்ளை என்ன செய்தான் என்னும் வினா அங்கே எழவில்லை. எவர் வயிற்றிற் பிறந்தான் என்பதே வினா. மற்றைச் சட்டங்கள் ‘இவனை ஏற்பார் யார்?’ எனத் தேடின. இச்சட்டமோ ஏற்கும் தாயும் தந்தையும் கண்முன் நிற்க, அவர் கையினின்று பிள்ளையைப் பறிக்க உரிமை தந்தது.

1920-ஆம் ஆண்டு நம் மாகாண வரலாற்றில் மறக்கற்பாலதன்று. அவ்வாண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில், இச்சட்டத்தின்கீழ்ப் பெயர் பதிவு செய்ய மறுத்த பிறமலைக் கள்ளர் மக்கள்மீது காவற்படையினர் துப்பாக்கி கொண்டு சுட்டனர், பலர் மாண்டனர். அதே ஆண்டில், அதே அரசினர், இந்தியாவில் முதன்முதலாகச் சென்னைச் சிறுவர் சட்டத்தையும் இயற்றினர். வங்கத்தில் 1922-ஆம் ஆண்டிலும் பம்பாயில் 1924-ஆம் ஆண்டிலும் இத்தகைய சட்டங்கள் பின்னரே தோன்றின. 1919, 1920-ஆம் ஆண்டுகளில் இந்தியச் சிறைகளை ஆராய்ந்த குழுவிற்குத் தலைமை தாங்கிய சர் அலெக்ஸாண்டர் கார்டியூ அவர்களும் சென்னை அரசியலில் உயர்பதவி வகித்தவரே. சிறுவர்க்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என அக்குழு கூறிற்று. ஒரு கை குழந்தைகளுக்கெனத் தனிமுறை வகுக்க, மற்றொரு கை குலத்தின் பேரால் குழந்தைகளைப் பிரிக்கும் சட்டத்தைப் பிடித்திருந்தது.

சென்னைச் சிறுவர் சட்டம் 14 வயதிற்குட்பட்டோரைச் சிறுவர் என்றும், 14 முதல் 16 வரையிலுள்ளோரை இளைஞர் என்றும் வகுத்தது. சிறுவர்க்குச் சிறைத்தண்டனை விதிப்பதை விலக்கியது. கண்டித்து விடுதல், நன்னடத்தைப் பிணையில் விடுதல், பெற்றோர், உறவினர் அல்லது தகுதியுடையார் ஒருவரிடம் ஒப்புவித்தல், சான்றளிக்கப்பட்ட பள்ளிக்கு அனுப்புதல் எனப் பலவழிகளை நடுவர்க்குத் தந்தது. எனினும் அதில் ஓர் இடர்ப்பாடும் இருந்தது. இரந்து திரியும் குழந்தையையும், ஆதரவற்ற குழந்தையையும் அச்சட்டம் அத்தகைய பள்ளிகளுக்கே அனுப்பிற்று. ஆகவே வறுமையும் குற்றமும் ஒரே கூரையின்கீழ் உறங்கின. ஊரார் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின.

1926-ஆம் ஆண்டில் 16 முதல் 21 வயது வரையிலுள்ளார்க்கென போர்ஸ்டல் பள்ளிச் சட்டம் வந்தது. போர்ஸ்டல் என்பது இங்கிலாந்தில் கெண்ட்டு மாவட்டத்து ஒரு சிற்றூர். 1902-ஆம் ஆண்டில் அங்குச் சர் ஈவ்லின் ரக்கிள்ஸ்-பிரைஸ் தொடங்கிய முறையின் பெயராக அவ்வூர்ப் பெயரே உலகெங்கும் பரவிற்று. தஞ்சாவூரிலும் பாளையங்கோட்டையிலும் நம் மக்கள் அப்பெயரை வழங்கினர். இரண்டாண்டிற்குக் குறையாது ஐந்தாண்டு வரை அங்கே வைக்கலாம். உரிமச்சீட்டின் பேரில் முன்னரே விடவும் செய்யலாம். அப்பெயர் பிறந்த இங்கிலாந்திலேயே 1982-ஆம் ஆண்டின் சட்டத்தால் போர்ஸ்டல் முறை ஒழிக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின்

சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947-ஆம் ஆண்டில் நீங்கியது. நாடு முழுவதும் 1952-ஆம் ஆண்டில் நீங்கியது. கசையடிச் சட்டம் 1955-ஆம் ஆண்டில் நீங்கியது. ஆனால் குழந்தைகள் பெரியோர் சிறைகளிற் கிடப்பது முற்றிலும் நின்றபாடில்லை. ஷீலா பர்சே என்னும் பத்திரிகையாளர் அம்மையார் தொடுத்த வழக்கில் 1986-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அக்கொடுமையைக் கண்டித்து, மாவட்ட நீதிபதிகள் சிறைகளைச் சென்று காணுமாறு பணித்தது. அவ்வாண்டிலேயே நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி ஆணுக்கு 16 வயதும் பெண்ணுக்கு 18 வயதும் வரம்பாயின. குழந்தை உரிமைகள் பற்றிய உலக உடன்படிக்கையை 1992-ஆம் ஆண்டில் இந்தியா ஏற்றது. அதற்கேற்ப 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலார்க்கும் 18 வயதையே வரம்பாக்கியது.

2012-ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுஞ்செயலில் 18 வயது நிரம்பாத ஒருவனும் இருந்தமையால் நாடு கொதித்தது. அதன்பின் எழுந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டம், 16 முதல் 18 வயது வரையிலுள்ளார் கொடுங்குற்றஞ் செய்தனர் எனப்படின், ஆராய்ந்து, பெரியோர் போல விசாரிக்கவும் இடந்தந்தது. இதனைப் புகழ்வாரும் இகழ்வாரும் உளர். ஆனால் அச்சட்டத்தின் பெரும்பகுதி வேறு நோக்கமுடையது. பிடிக்கப்பட்ட குழந்தையைக் காவல் நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ வைத்தலாகாது. 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தல் வேண்டும். அக்குழுமத்தில் நடுவரோடு சமூகப் பணியாளர் இருவரும் அமர்வர். பிணையில் விடுதலே பொதுவிதி. இல்லத்தில் வைத்தல் இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும். சிறப்பு இல்லத்தில் வைக்குங்காலம் மூன்றாண்டிற்கு மேற்படலாகாது. பெரியோர் போல விசாரிக்கப்பட்டார் ஒழிய ஏனையோர்க்கு, அக்குற்றம் பற்றிய தகுதியிழப்பு பிற்காலத்தில் எதனிலும் இல்லை.

சட்டம் இவ்வளவு கனிந்த பின்னரும் செங்கற்பட்டு மீண்டும் நம் நெஞ்சைச் சுடும் செய்தியைத் தந்தது. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில், திருட்டுக் குற்றஞ் சாட்டப்பட்டு அவ்வூர் அரசினர் இல்லத்திற்கு அனுப்பப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் சில நாட்களுக்குள் உயிரிழந்தான். அடித்துக் கொல்லப்பட்டான் என வழக்குப் பதிவாகி இல்லப் பணியாளர் சிலர் கைது செய்யப்பட்டனர். இல்லங்களைச் சீர்ப்படுத்தும் வழிகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்கள் அரசினரால் அமர்த்தப்பெற்று, 2023-ஆம் ஆண்டில் தம் அறிக்கையை அளித்தனர். ‘சீர்திருத்தப் பள்ளி’, ‘சான்றளிக்கப்பட்ட பள்ளி’, ‘சிறப்பு இல்லம்’, ‘கூர்நோக்கு இல்லம்’ என ஒரு நூற்றாண்டிற்கு மேலாகப் பெயர்கள் மாறி வந்தன. இராசமாதேவியின் மாளிகைக்கு இட்ட பெயரும் சிறையன்று என்பதனை ஈண்டு நினைவு கூர்க.

நாம் செய்யக் கடவது

ஆசிரியத் தொழிலில் இருபதாண்டு கழித்த யாம் ஒன்று கண்டுளோம். இல்லத்தினின்று மீண்டு வரும் பிள்ளையை மறுபடியும் வகுப்பில் அமர்த்துதல், அவனை இல்லத்தினின்று மீட்பதனினும் அரிது. சட்டம் அவன் குற்றத்தை மறக்கச் சொல்கிறது. பக்கத்திலிருக்கும் மாணாக்கர் மறப்பதில்லை. அவர்தம் பெற்றோர் மறக்க விடுவதுமில்லை. ‘அந்தப் பையன் பக்கத்தில் என் மகனை உட்கார வைக்காதீர்’ என்று வந்து சொல்வார், தம் முன்னோரைப் பிறர் இவ்வாறு ஒதுக்கிய கதையை மாலையில் திண்ணையில் அமர்ந்து வருத்தத்தோடு கூறுவார்.

குலச்சங்கத்தின் திங்களிதழில் இதனை எழுதுவது இக்காரணம் பற்றியே. ஒரு குலத்தார் அனைவரையும் பிறப்பினாற் குற்றவாளிகள் என எழுதிய சட்டத்தைத் தமிழ்நாட்டு மக்கள் உயிர் கொடுத்து எதிர்த்தனர். அதனை அநீதி என்று கூறும் நாம், ஒருமுறை தவறிய சிறுவனை வாழ்நாள் முழுதும் குற்றவாளி என ஒதுக்குவோமாயின், அச்சட்டத்தை வீட்டுக்கு வீடு புதிதாக இயற்றினோராவோம். நம் குலப்பெயரைக் கெடுத்தான் என ஓர் ஏழைப் பிள்ளையைக் கைவிடும் சங்கம் எவர் பொருட்டு இயங்குவது?

செய்யக் கூடியன பல; அவற்றுள் எளியன மூன்று கூறுவாம். முதலாவது: ஊரில் ஒரு பிள்ளை பிடிக்கப்பட்டான் எனக் கேட்டவுடன், எழுத்தறியாத அவன் தாயைத் தனியே விடாது, சங்கத்து மூத்தோர் ஒருவர் அவளோடு இளைஞர் நீதிக் குழுமத்திற்குச் செல்லுதல். குழந்தைக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டு. அதனை அத்தாய் அறியாள், நாம் அறிவோம். பிணைக்கு நிற்பார் ஒருவர் உளர் எனின் பிள்ளை அன்றே வீடு திரும்பக்கூடும்.

இரண்டாவது: தறியும், பட்டறையும், கடையும், அச்சகமும் உடைய நம் அன்பர்கள், இல்லத்தினின்று வரும் இளைஞர் ஒருவர்க்கேனும் ஊதியத்தோடு தொழில் கற்பிக்க முன்வருதல். 1850-ஆம் ஆண்டின் சட்டம் தேடிய தொழிலாசான் இவரே. 1897-ஆம் ஆண்டின் சட்டம் கூறிய நம்பத்தக்க பெரியாரும் இவரே. அவ்விளைஞன் எக்குலத்தான் என வினாவுதல் வேண்டா. பிறப்பு நோக்கிப் பிள்ளைகளைப் பிரித்த கொடுமையை மேலே கண்டோம். பிறப்பு நோக்கி உதவுதலும் அதன் நிழலே.

மூன்றாவது: மீண்டு வந்த பிள்ளையின் பழஞ்செய்தியை நம் வாயாற் பேசாதிருத்தல். இதற்குப் பொருட்செலவு சிறிதும் இல்லை. ஆயினும் மூன்றனுள் இதுவே அரியது.

சட்டங்கள் எத்துணை நல்லனவாயினும் ஏற்பார் இல்லாத பிள்ளைக்கு அவை ஏட்டளவே. மாவண்கிள்ளி ஆணையிட்டான், சிறை அறச்சாலையாயிற்று என்பர். ஆணைக்கு முன் நடந்ததனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எவரும் அழையாமலே ஒருத்தி உணவுக் கலத்தோடு அச்சிறையினுள் நுழைந்தாள். வரும் திங்கட் கூட்டத்தில் இம்மூன்றனையும் சங்கத்தார் எடுத்து ஆராய்ந்து, தத்தம் ஊரில் இப்பொறுப்பை ஏற்பார் பெயரை எழுதித் தருவாராக என அன்புடன் வேண்டுகின்றோம்.